கொம்பனித் தெருவும் அடிமைத் தீவும்

வெள்ளவத்தையில் பஸ் ஏறிக் காலி வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்லும் ஒருவர், ஒரு மணி நேரத்துக்குள் பல நூற்றாண்டுகளைக் கடந்து விடுகிறார். நடத்துநர் "பிட்டகொட்டுவ" என்று கூவுகிறார். பஸ்ஸின் நெற்றியில் ஆங்கிலத்தில் "பெட்டா" என்றும், தமிழில் "புறக்கோட்டை" என்றும் எழுதியிருக்கிறது. மூன்றும் ஓரிடத்தின் பெயர்களே. பிட்டகொட்டுவ, புறக்கோட்டை என்னும் இரண்டும் கோட்டைக்குப் புறத்தேயுள்ள பகுதி என ஒரே பொருள் தருவன. பெட்டா என்பதோ நம்முடைய "பேட்டை"! கோட்டைக்கு வெளியே வளர்ந்த குடியிருப்பைத் தமிழ்நாட்டிலே பேட்டை என்று வழங்கக் கேட்ட ஆங்கிலேயர், அச்சொல்லைத் தம் நாவுக்கேற்பத் திரித்துக் கொழும்புக்கும் கொண்டு வந்தனர். நமது சொல்லை அவர்கள் வைத்துக் கொண்டார்கள். நாமோ அதை ஆங்கிலச் சொல்லென்று ஒதுக்கி விட்டோம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. புறக்கோட்டைக்கு அப்பாலுள்ள பகுதியை இன்றும் "கோட்டை" என்கிறோம். ஆனால் அங்கே கோட்டை இல்லை. போர்த்துக்கேயர் கட்டி, 1656இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, 1796இல் ஆங்கிலேயர் வசமான அந்த அரண் 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் இடிக்கப்பட்டது. மதில் போய் நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தும் பெயர் நிற்கிறது. கல்லைக் காட்டிலும் சொல்லுக்கு ஆயுள் அதிகம் போலும்.

கொழும்பின் வரலாற்றைத் தேசாதிபதிகளின் வரிசையாகவே படித்துப் பழகியவர்கள் நாம். அந்த வரிசையில் இடம்பெறாத மனிதரைத் தேட வேண்டுமானால் தெருப்பெயர்களிடமே செல்ல வேண்டும். அதிலும் மூன்று மொழிப் பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

செட்டியார் தெருவை எடுத்துக் கொள்வோம். ஆங்கிலத்தில் அது "சீ ஸ்ட்ரீட்", அதாவது கடல் தெரு. ஆங்கிலேயனின் கண்ணுக்குக் கடல் தெரிந்தது. தமிழனுக்கும் சிங்களவருக்கும் அங்கே ஆட்கள் தெரிந்தனர். சிங்களத்திலும் அது ஹெட்டி வீதியே. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகளும், வட்டிக்கடைகளும், கதிரேசன் கோயில்களும் அமைந்த தெரு அது. கோப்பித் தோட்டக் காலத்திலே வங்கியின் வாயிலை நெருங்க முடியாத சிறு வணிகனும் இத்தெருவுக்கு வந்து கடன் பெற்றான். ஆடிவேல் விழாவின் வெள்ளி ரதம் இங்கிருந்து பம்பலப்பிட்டிக்குப் புறப்படுவதை அறியாதார் இல்லை. கதிர்காம யாத்திரை கொள்ளை நோய் காரணமாகத் தடைப்பட்ட 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கதிர்காமம் செல்ல இயலாத அடியார்களுக்காக இவ்விழா எடுக்கப்பட்டது என்பர். இன்று கிட்டங்கிகள் மறைந்து நகைக்கடைகள் நிறைந்து விட்டன. எனினும் தெருவின் பெயரில் செட்டியார் இருக்கிறார்.

நீதிமன்றங்கள் நிறைந்த "ஹல்ஸ்டோப்" பற்றியும் சொல்ல வேண்டும். 1656 முற்றுகையின்போது ஒல்லாந்தப் படையை நடத்தியவர் ஜெரார்ட் ஹுல்ப்ட். நகரம் வீழ்வதற்கு ஒரு மாதம் முன்னர், ஏப்ரல் மாதத்தில், அவர் கொல்லப்பட்டார். ஹுல்ப்டின் ஊர் என்பதே ஹல்ஸ்டோப் ஆயிற்று. ஆனால் நம்மவர் எவரேனும் அத்தளபதியை நினைக்கின்றனரா? வழக்குக்குப் போகிறவர் "புதுக்கடைக்குப் போகிறேன்" என்றே சொல்கிறார். சிங்களத்திலும் "அளுத்கடே", புதுக்கடைதான். வெற்றியைக் காணாமல் மடிந்த தளபதிக்கு ஒல்லாந்தர் ஓர் ஊரையே எழுதி வைத்தனர். ஊராரோ, யாரோ ஒருவர் புதிதாகத் திறந்த கடையைத்தான் நினைவில் வைத்துக் கொண்டனர். எனக்கு இதிலே ஒரு மகிழ்ச்சி உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

பெயர்கள் பிழையாகக் கேட்கப்பட்டும் பிறந்துள்ளன. "மெசெஞ்சர் ஸ்ட்ரீட்" என்றதும் தபாற்காரர் வாழ்ந்த தெருவென நினைப்போம். சிங்களத்தில் அது "மசங்கஸ் வீதிய". மசங் என்பது நமது இலந்தை. இலந்தை மரங்கள் நின்ற தெரு ஆங்கிலக் காதில் தூதுவர் தெரு ஆகிவிட்டது என்பர். வுல்வெண்டால் தேவாலயத்தின் பெயரும் அத்தகையதே. ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்பது அதன் பொருள். இலங்கையில் ஓநாய் ஏது? அங்கு திரிந்த நரிகளை ஐரோப்பியர் ஓநாய்களாகக் கண்டனர். 1757இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த உறுதியான ஒல்லாந்தக் கோயில், ஊளையிட்ட நரிகளின் நினைவுச் சின்னமாகவும் நிற்கிறது.

புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவிலே சிவப்பும் வெள்ளையுமாகக் கற்கள் அடுக்கியது போலத் தோன்றும் பள்ளிவாசலைக் காணாதவர் இரார். தென்னிந்திய முஸ்லிம் வணிகர்களின் முயற்சியால் 1908, 1909ஆம் ஆண்டுகளில் எழுந்தது. ஜாமிஉல் அல்பார் என்பது அதன் பெயர். மக்கள் வழக்கில் சம்மாங்கோட்டுப் பள்ளி. அதே அயலில் கதிர்வேலாயுத சுவாமி கோயிலும் இருக்கிறது. அதன் பெயரோடும் சம்மாங்கோடு என்பதே முன்னொட்டாக வழங்குகிறது. பள்ளிவாசலுக்கும் முருகன் கோயிலுக்கும் ஒரே அடைமொழி! சம்பான் என்னும் மரக்கலத்தோடு இச்சொல்லைத் தொடர்புபடுத்துவோர் உளர். அவர் கூற்றின்படி கரையேறிய மரக்கலக்காரரின் இடம் அது. எவரெவர் எந்தெந்தச் சமயத்தினர் எனப் பிரித்தறிய முன்னரே அந்த இடத்துக்கு அப்பெயர் அமைந்து விட்டது.

கட்டடங்களுள் இரண்டு மணிக்கூட்டுக் கோபுரங்களை மட்டும் குறிப்பிட்டு அப்பாற் செல்கிறேன். கோட்டையில், சதாம் வீதிச் சந்தியில் நிற்பதை வரைந்தவர் ஒரு பெண். தேசாதிபதி ஹென்றி வோட்டின் மனைவியார் எமிலி எலிசபெத் வோட். 1857இல் எழுந்த அக்கோபுரம் 1867 முதல் வெளிச்சவீடாகவும் பயன்பட்டது. சுற்றிலும் கட்டடங்கள் உயர்ந்து கடலை மறைக்கவே 1952இல் விளக்கு அணைந்தது. மற்றையது புறக்கோட்டை நுழைவாயிலிலுள்ள கான் மணிக்கூட்டுக் கோபுரம். பம்பாயிலிருந்து வந்த பார்சிக் குடும்பத்தினர் தம் தந்தையின் நினைவாக 1923இல் நகர மக்களுக்கு அளித்தது. கொழும்பிலே பார்சிகள் மிகச் சிறு தொகையினர். ஆயினும் அவர்களுடைய கடிகாரத்தின் கீழேதான் நாடெங்கிலுமிருந்து வரும் மூட்டைகள் இறங்குகின்றன.

கொட்டாஞ்சேனைக்கு ஒரு முழு உரையே வேண்டும். பொன்னம்பல முதலியார் 1857இல் அமைத்த சிவன் கோயிலை, அவர் மகனார் சேர் பொன்னம்பலம் இராமநாதன் தென்னிந்தியச் சிற்பிகளைக் கொண்டு கருங்கல்லிலே திரும்பக் கட்டியதும், 1897 ஜனவரி 15இல் கொழும்பிலே கரையிறங்கிய சுவாமி விவேகானந்தரின் பெயர் அங்குள்ள ஒரு மேட்டுக்கு வழங்குவதும் நேயர்கள் அறிந்தவையே. அவற்றைப் பிறிதொரு முறை பார்க்கலாம். இன்றைய உரை சென்று சேர வேண்டிய இடம் பேரை வாவியின் கரை.

தமிழில் கொம்பனித் தெரு. சிங்களத்தில் கொம்பஞ்ஞ வீதிய. ஆங்கிலத்தில் "ஸ்லேவ் ஐலண்ட்", அடிமைத் தீவு. உயர்தர வகுப்பு மாணவரிடம் "எந்தக் கொம்பனி?" என்று கேட்டால், ஏதோ தனியார் நிறுவனம் என்று தயங்கியபடி விடை வரும். ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனியே அது என்பது பலர் கொள்கை. படைப்பிரிவைக் குறிக்கும் கம்பனி என்பாரும் உளர். ஒல்லாந்தர் காலத்தில் கம்பனியின் அடிமைகள் பகலெல்லாம் கோட்டைக்குள் உழைத்து, மாலையில் வாவி கடந்து இத்திடலில் அடைக்கப்பட்டனர். கோட்டைக்குள்ளே அதிகாரி ஒருவரும் அவர் மனைவியும் அடிமைகளாற் கொல்லப்பட்டதன் பின்னரே இந்தக் கட்டுப்பாடு வந்தது எனப் பழைய நகர வரலாறுகள் கூறும். வாவியிலே முதலைகள் விடப்பட்டிருந்தன என்னும் கதையும் உண்டு.

யார் இந்த அடிமைகள்? ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட காப்பிரிகள் என்று ஒரே சொல்லில் முடித்து விடுகிறோம். கீழைத் தீவுகளிலிருந்து வந்தோரும் இருந்தனர். நாம் நினைக்க விரும்பாத ஒரு பங்கும் உண்டு. 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமையைப் போரும் பஞ்சமும் வாட்டியபோது, சோழமண்டலக் கரையிலே ஒல்லாந்தக் கம்பனி 8,000 முதல் 10,000 வரையான மனிதரை விலைக்கு வாங்கியது. அவருட் பெரும்பாலோர் இலங்கைக்கே ஏற்றப்பட்டனர். ஒரு வேளைக் கஞ்சிக்காகத் தம்மையும் பிள்ளைகளையும் விற்றவர்கள் அவர்கள். ஆக, இந்நாட்டில் அடிமை என்ற சொல்லை வேறு எவரோ ஒரு கூட்டத்தாருக்கு உரியதென்று நாம் ஒதுக்க முடியாது. கம்பனியின் அடிமைக் கணக்கிலே தமிழ் பேசியோரும் இருந்தனர்.

ஆங்கிலேயர் ஆட்சியில், 1816 ஆகஸ்ட் 12க்குப் பின் அடிமைகளுக்குப் பிறக்கும் குழந்தைகள் விடுதலையுடையோர் என அடிமை உடைமையாளர் பலர் இசைந்தனர். 1844இல் சட்டம் அடிமை முறையை முற்றாக ஒழித்தது. கொம்பனித் தெருவிலே மலாயப் படைவீரர் குடியேறினர். ஜாவா ஒழுங்கை, மலே வீதி, ரைபிள் வீதி என்பன அவர்கள் விட்டுச் சென்ற முத்திரைகள். பள்ளிவாசல்களும் சிவசுப்பிரமணியர் கோயிலும் அமைந்து, பல மொழி பேசும் எளிய மக்களின் ஊராயிற்று. 2010ஆம் ஆண்டுக்குப் பின்னர் அவ்வொழுங்கைகளிற் பல உயர்மாடிகளுக்கு இடம்விட்டன.

2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில், ஆங்கிலத்திலும் இப்பகுதியைக் கொம்பஞ்ஞ வீதிய என்றே வழங்க வேண்டுமென அரசாங்கம் பணித்தது. அங்கு வாழ்பவர் தம் முகவரியில் "அடிமை" என எழுத நேர்வதை விரும்பாதது நியாயமே. அந்தப் பெயரைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் வாதாடவில்லை. ஆனால் நடந்ததை நிதானமாகப் பார்க்க வேண்டும். மூன்று பெயர்களுள் இரண்டு உடைமையாளரின் பெயர்கள். ஒன்றுதான் உடைமையாக்கப்பட்டவரின் பெயர். நீக்கப்பட்டது அந்த ஒன்று. கம்பனிக்கு ஏடுகள் உண்டு, படங்கள் உண்டு, ஒல்லாந்தர் அரும்பொருட்சாலையும் பிரின்ஸ் வீதியிலே உண்டு. வாவி கடந்து நடந்தவர்களுக்கு இருந்தது ஓர் இழிபெயர் மட்டுமே. அதை எடுத்தபோது ஈடாக ஒரு கல்லைத்தானும் நாட்டத் தோன்றவில்லை.

இதே கதி ஏனைய பெயர்களுக்கும் நேரலாம். சம்மாங்கோடு, புதுக்கடை போன்ற பெயர்களைப் பெரும்பாலும் வாயே காத்து வந்தது. அத்தெருக்களில் ஐம்பது, அறுபது ஆண்டு வாழ்ந்தவர்கள் வெள்ளவத்தைக்கும் தெஹிவளைக்கும் கடல் கடந்தும் பெயர்ந்து விட்டனர். அவர்கள் இருக்கும்போதே தெருத் தெருவாகப் பெயர்களைத் திரட்டுதல் வேண்டும். 1942 முதல் இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் போன்ற ஓரிடத்தில் ஒரு பதிவேடு இருந்தால் போதும். பெரும் பொருட்செலவு தேவையில்லை. உயர்தர மாணவர் விடுமுறையிலே செய்து முடிக்கக்கூடிய பணி இது. அந்தப் பதிவேட்டிலே கொம்பனித் தெருவுக்குரிய பக்கத்தில், தமிழ்ப் பெயரும் சிங்களப் பெயரும் எழுதிய பின்னர், நீக்கப்பட்ட ஆங்கிலப் பெயரையும் அது நீக்கப்பட்ட ஆண்டையும் எழுதி வைக்க வேண்டும்.