ஏடுகளும் எடைபோடுதலும்

தேர்தல் வந்துவிட்டால் ஏடுகளில் இருவகை வேட்பாளர்கள் தோன்றிவிடுகின்றனர். ஒருவர் பேசினால் அது முழக்கம். மற்றவர் பேசினால் அது கூச்சல். ஒருவருக்குத் திரண்டது மக்கள் வெள்ளம். மற்றவருக்குத் திரண்டது கும்பல். கூட்டம் நடந்தது மெய், பேசியதும் மெய். சொல் ஒன்றுதான் மாறியது. அந்தச் சொல்லுக்குள்ளேதான் சார்பு ஒளிந்திருக்கிறது, தோழர்களே!

இது இன்று முளைத்த நோயன்று. 1916 நவம்பர் 20 அன்று தியாகராயரும் டாக்டர் டி. எம். நாயரும் பார்ப்பனரல்லாத தலைவர்கள் பலரும் சென்னையில் கூடினர். அன்று அவர்கள் தேவை என்று கண்டது எது? கோட்டையா? கொலுவா? ஏடு! ஏடு நடத்தவென்றே ஒரு கூட்டுப்பங்கு நிறுவனம் அமைக்க முடிவு செய்தனர். ‘இந்து’, ‘சுதேசமித்திரன்’, அன்னிபெசன்ட் அம்மையாரின் ‘நியூ இந்தியா’ எல்லாம் எதிரணியின் குரலாய் ஒலித்த காலம் அது. பேச வாயிருந்தும், அதைப் பரப்ப ஏடில்லை.

1917 பிப்ரவரி 26-இல் ஆங்கிலத்தில் ‘ஜஸ்டிஸ்’ பிறந்தது. அதே ஆண்டில் தமிழில் ‘திராவிடன்’ எழுந்தது. தென்னிந்திய நல உரிமைச் சங்கம் என்ற பெயரை நாடு மறந்தது. ஏட்டின் பெயரே கட்சியின் பெயராகி, நீதிக்கட்சி என நிலைத்தது. எதிரணியும் வாளாவிருக்கவில்லை, அவ்வாண்டு டிசம்பரில் திரு. வி. க.வை ஆசிரியராகக் கொண்டு ‘தேசபக்தன்’ வந்தது. 1920 தேர்தலில் காங்கிரஸ் ஒதுங்கி நின்றது. நீதிக்கட்சி ஆட்சியில் அமர்ந்தது.

“உங்கள் ஏடுகளுக்கு மட்டும் சார்பில்லையோ?” என்று கேட்கலாம். உண்டு! 1925-இல் பெரியார் தொடங்கிய ‘குடி அரசு’ தான் யார் பக்கம் என்பதை ஒளித்ததில்லை. சார்பு குற்றமாகாது, சார்பை நடுநிலை என்று கூறி விற்பதே குற்றம்.

அந்த விற்பனை பின்னாளில் ரொக்க வணிகமாகவே வளர்ந்தது. காசு வாங்கிக்கொண்டு வேட்பாளர் புகழைச் செய்தியாக அச்சிடும் வழக்கத்தை 2010-இல் இந்தியப் பத்திரிகை மன்றம் ஆராய்ந்தது. 2007-இல் உத்தரப் பிரதேசத்தின் பிசௌலி தொகுதியில் வென்ற உறுப்பினரை, அத்தகைய செய்திக்கான செலவைக் கணக்கில் காட்டவில்லை என்று 2011-இல் தேர்தல் ஆணையம் மூன்றாண்டு தகுதி நீக்கம் செய்தது.

2019 ஏப்ரலில் பெருந்தொகை பிடிபட்டதன் பேரில், நம் வேலூர் நாடாளுமன்றத் தொகுதியின் தேர்தலே நிறுத்தப்பட்டு, ஆகஸ்டில் நடந்தது. மூட்டையில் வரும் பணத்தை அதிகாரி பிடிக்கலாம். தலைப்புச் செய்தியாய் வரும் பணத்தை யார் பிடிப்பது? வாசகன்தான் பிடிக்க வேண்டும்!

ஆம்பூரில் தோல் வாங்குபவர் ஒரு புறம் மட்டும் பார்த்து விலை பேசுவதில்லை; புரட்டிப் பார்க்கிறார், தடவிப் பார்க்கிறார். ஆட்டுத்தோலுக்கு அத்தனை ஆராய்ச்சி! ஐந்தாண்டு ஆட்சிக்கு அதில் பாதியேனும் வேண்டாமா? நம் ஏட்டையும் அவ்வாறே புரட்டிப் பாருங்கள்.

எம் ஊர் பள்ளிகொண்டா. அரங்கநாதர் அங்கே பள்ளிகொள்ளட்டும், வாக்காளன் பள்ளிகொள்ளலாகாது!