மாத்திரையால் வரும் மஞ்சள் காமாலை: கீழாநெல்லி கைகொடுக்குமா?

கண் மஞ்சளாகிவிட்டால் பல வீடுகளில் முதலில் தேடுவது கீழாநெல்லியைத்தான். அரைத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். ஆனா அந்தக் காமாலை வைரஸால் வராமல், சாப்பிடும் மாத்திரையால் வந்திருந்தால்?

காசநோய்க்குத் தரப்படும் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றுமே சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். பாராசிட்டமாலும் அளவு மீறினால் அப்படித்தான். பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்சவரம்பு 4 கிராம். அதாவது 650 மி.கி. மாத்திரை என்றால் ஆறு. மது குடிப்பவர்களுக்கு அதுவே அதிகம். சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கு, அதையும் கணக்கில் சேர்க்கணும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

பாராசிட்டமாலைக் கல்லீரல் உடைக்கும்போது கொஞ்சம் நச்சு உருவாகும். அதை முறிப்பது குளுட்டாதயோன். அது தீர்ந்துபோனால் நச்சு கல்லீரல் செல்களையே தாக்கும். கீழாநெல்லிச் சாறு கொடுத்த எலிகளுக்கு இந்தப் பாதிப்பு குறைந்தது உண்மைதான். ஆனா அந்த ஆய்வுகள் பலவற்றில் மூலிகை முதலில், மாத்திரை பிறகு. நம்ம வீட்டில் நடப்பது தலைகீழ்.

கீழாநெல்லிக்கு உலகப் புகழ் தந்தது 1988-ல் 'லான்செட்' இதழில் வெளியான சென்னை ஆய்வு. அது ஹெபடைடிஸ் பி வைரஸ் பற்றியது, மாத்திரை பாதிப்பு பற்றியது அல்ல. பிற இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் அப்படியே கிடைக்கவும் இல்லை.

பாராசிட்டமால் அதிகமானால் கொடுக்கும் மாற்று மருந்து அசிட்டைல்சிஸ்டீன். குளுட்டாதயோனை மீண்டும் நிரப்புவது இதன் வேலை. 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் கல்லீரல் பெரும்பாலும் தப்பிவிடும். முதல் நாளில் குமட்டல், வாந்தி தவிர பெரிய அறிகுறி இருக்காது. அதனால்தான் பலர் அந்த நேரத்தைத் தவறவிடுகிறார்கள்.

மூலிகை என்பதாலேயே பாதுகாப்பு என்றும் சொல்ல முடியாது. சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாக மும்பை மருத்துவர்கள் 2021-ல் பதிவு செய்தனர். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது.

காசநோய் மாத்திரை சாப்பிடுபவர்கள் என்ன செய்யணும்?

பசியே இல்லை, வாந்தி, சிறுநீர் அடர்நிறம், கண் மஞ்சள்... இதில் எது வந்தாலும் அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே மருத்துவரைப் பார்க்கணும். பாதிப்பு உறுதியானால் அவர் மாத்திரையை நிறுத்தி, ரத்தப் பரிசோதனை முடிவு சீரானதும் ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்குவார். கீழாநெல்லியை நம்பி மாத்திரையைத் தொடர்ந்தால் கல்லீரல் செயலிழக்கலாம். சொல்லாமல் நிறுத்திவிட்டு வீட்டிலேயே இருந்தால், காசநோய் மருந்துக்கு அடங்காத வகையாக மாறலாம்.