மதுவத்தில் டி.என்.ஏ. இரட்டிப்பு

உக்குவளைப் பக்கம் கித்துள் கள்ளைப் புளிக்கவைப்பதும் பாண் மாவை உப்பவைப்பதும் மதுவம், அதாவது ஈஸ்ட். இந்த ஒற்றைக்கல உயிரின் 16 நிறமூர்த்தங்களில் ஏறத்தாழ 1.2 கோடி கார இணைகள் உள்ளன. கலம் பிரியுமுன் அத்தனையும் ஒரே ஒருமுறை படியெடுக்கப்பட வேண்டும். இதைக் காக்கும் தனிப் புரதம் எதுவுமில்லை. எது எதனுடன் எப்போது சேர்கிறது என்பதில்தான் காவல் இருக்கிறது.

கலவட்டம் பாதியில் நின்றுபோகும் மதுவ விகாரிகளை 1970ஐ ஒட்டி லீலண்ட் ஹார்ட்வெல் திரட்டினார். தானாக இரட்டிக்கும் டி.என்.ஏ. துண்டுகள் 1979இல் தெரியவந்தன. அத்தகைய துண்டொன்றும் சென்ட்ரோமியரும் லியூசின் தயாரிக்கும் மரபணுவும் சேர்ந்த சிறு வளையத்தை கார்னெல் பல்கலைக்கழகத்தின் மெயின், பிரதிமா சின்ஹா, பிக்-குவான் டை மூவரும் லியூசினைத் தானாகத் தயாரிக்க முடியாத மதுவத்துக்குள் புகுத்தினர். லியூசின் உள்ள ஊடகத்தில் வளர்த்துவிட்டு, லியூசின் இல்லாத தட்டில் பரப்பினால், வளையத்தைத் தொலைத்த கலம் வளராது. கருவி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாத சோதனை. வளையத்தை அடிக்கடி தொலைக்கும் 40 விகாரிகள், குறைந்தது 16 மரபணுக்களைச் சேர்ந்தவை, 1984இல் வெளியாயின.

இம்மரபணுக்களுக்கு எம்.சி.எம். என்று ஒரே பெயரிட்டது பிறகு மாணவர்களைக் குழப்பியது; அவற்றின் வேலைகள் வெவ்வேறு. எம்.சி.எம்.1 பிற மரபணுக்களை இயக்குவது. 2 முதல் 7 வரையிலான ஆறும் ஒரே வளையமாகக் கூடி டி.என்.ஏ. இழைகளைப் பிரிப்பவை. சின்ஹா பின்னர் கொல்கத்தா போஸ் நிறுவனத்தில் ஆராய்ந்த எம்.சி.எம்.21, கலப்பிரிவின்போது நிறமூர்த்தங்களைப் பங்கிடும் அமைப்பைச் சேர்ந்தது.

இரட்டிப்பு தொடங்கும் இடத்தைப் பற்றும் ஓ.ஆர்.சி. என்ற ஆறு புரதக் கூட்டை 1992இல் ஸ்டீபன் பெல்லும் புரூஸ் ஸ்டில்மனும் அறிவித்தனர். அது சி.டி.சி.6, சி.டி.டி.1 என்ற புரதங்களின் துணையுடன் எம்.சி.எம். வளையங்களை டி.என்.ஏ.மீது ஏற்றுகிறது. இரட்டிப்பு தொடங்கியதும் சி.டி.கே. நொதி அந்த ஏற்றத்தைத் தடுத்துவிடுவதால் இரண்டாம் தடவைக்கு வழியில்லை.

இரட்டிப்பு பழுதடைந்த டி.என்.ஏ.யை எட்டும்போது என்ன நடக்கும் என்பது, பி.சி.என்.ஏ. என்ற புரத வளையத்தில் எது ஒட்டுகிறது என்பதைப் பொறுத்தது. யுபிக்விட்டின் என்ற சிறு புரதம் ஒற்றையாக ஒட்டினால், பழுதைத் தாண்டி எழுதும் பாலிமரேசு நொதி வருகிறது. சங்கிலியாக ஒட்டினால் பிழை தவிர்க்கும் வேறு வழி திறக்கிறது. சுமோ என்ற மற்றொரு சிறு புரதம் ஒட்டினால் எஸ்.ஆர்.எஸ்.2 என்ற புரதம் வந்து தேவையற்ற மறுசேர்க்கையைத் தடுக்கிறது. யுபிக்விட்டின், சுமோ இரண்டும் ஒரே இடத்தில் ஒட்டுவதை 2002இல் ஸ்டெஃபான் யென்ச் குழு காட்டியது. தாண்டி எழுதும் ஈட்டா பாலிமரேசு மனிதரில் பழுதானால் வெயிலில் தோற்புற்றுநோய் ஆபத்து மிகும் நோய் உண்டாகிறது.

2015இல் ஜான் டிஃப்லி குழு, 42 பலபெப்தைட்டுகளாலான 16 தூய காரணிகளைக் கலந்து, கலத்துக்கு வெளியே, சோதனைக் குழாயிலேயே மதுவ இரட்டிப்பைத் தொடங்கிவைத்தது.