சென்னை – யாழ்ப்பாணம் வான்வழி

சென்னை – யாழ்ப்பாணம் வான்வழி என்பது தமிழ்நாட்டின் சென்னைப் பன்னாட்டு வானூர்தி நிலையத்தையும் இலங்கையின் வட மாகாணத்தில் பலாலியில் அமைந்துள்ள யாழ்ப்பாணப் பன்னாட்டு வானூர்தி நிலையத்தையும் இணைக்கும் நேரடி வான்வழியாகும். இது பாக்கு நீரிணைப் பகுதியைக் கடந்து செல்கிறது.

தொலைவு

இரு நிலையங்களுக்கும் இடையிலான நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 354 கிலோமீட்டர் (191 கடல் மைல்) ஆகும். இரண்டும் கிழக்கு நெடுவரை 80 பாகையை ஒட்டி அமைந்துள்ளதால் வான்வழி ஏறக்குறைய நேர் தெற்காகச் செல்கிறது. பலாலிக்குத் திருச்சிராப்பள்ளி இன்னும் அண்மையிலுள்ளது. அத்தொலைவு ஏறத்தாழ 184 கிலோமீட்டர் மட்டுமே.

பயண நேரம்

இவ்வழியில் ஏடிஆர் 72 வகைச் சுழல்விசிறி வானூர்திகள் பயன்படுத்தப்பட்டு வந்துள்ளன. மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகத்தில் இத்தொலைவைக் கடக்க 43 நிமிடங்கள் போதும். எனினும் தரையில் ஓடுதல், மேலேறுதல், இறங்குதல் ஆகியவற்றையும் சேர்த்தால் பயணம் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். இலங்கை 2006 ஏப்ரலில் இந்திய நேரத்துக்கு ஒத்த நேரத்துக்குத் திரும்பியதால், புறப்படும் நேரத்துக்கும் சேரும் நேரத்துக்கும் உள்ள வேறுபாடே பயண நேரமாகும். பலாலியிலிருந்து யாழ்ப்பாண நகருக்குத் தெற்கு நோக்கிச் சாலை வழியே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் செல்ல வேண்டும்.

வரலாறு

பலாலி வான்தளம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியரால் அமைக்கப்பட்டது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் சேவை, டக்ளஸ் டிசி-3 வானூர்தி மூலம் இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்கு நடத்தப்பட்டது. அந்நிறுவனம் 1970களின் இறுதியில் மூடப்பட்டது. உள்நாட்டுப் போரின்போது பலாலி படைத்தளமாக விளங்கியது. சுற்றியிருந்த ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. அங்கு வாழ்ந்த மக்கள் 1990இல் இடம்பெயர்ந்தனர்.

நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நேரடிச் சேவை இல்லாததால், யாழ்ப்பாணத்திலிருந்து வானூர்தியில் சென்னை செல்வோர் முதலில் தெற்கே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் பயணித்துக் கொழும்பை அடைந்து, கட்டுநாயக்காவிலிருந்து மீண்டும் வடக்கே ஏறத்தாழ 645 கிலோமீட்டர் பறக்க வேண்டியிருந்தது. 354 கிலோமீட்டர் தொலைவு இவ்வாறு ஆயிரத்தைத் தாண்டியது. மருத்துவம், கல்வி, திருமணம், இறுதிச் சடங்கு என எதற்காகச் செல்வோரும் பயணத்துக்கென ஒரு நாளையேனும் ஒதுக்க வேண்டியிருந்தது. போரின்போது ஏ-9 நெடுஞ்சாலை மூடப்பட்டிருந்த காலங்களில் கொழும்பை அடைவதே பெரும்பாடாக இருந்தது.

மீள்தொடக்கம்

பலாலி நிலையம் 2019 அக்டோபர் 17 அன்று பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அலையன்சு ஏர் சென்னைச் சேவையைத் தொடங்கியது. கொரோனாப் பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் நின்ற சேவை 2022 டிசம்பர் 12 அன்று மீண்டும் தொடங்கியது. இண்டிகோ நிறுவனம் 2024 செப்டம்பர் 1 முதல் சென்னையிலிருந்தும், 2025 மார்ச் 30 முதல் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் யாழ்ப்பாணத்துக்குச் சேவைகளைத் தொடங்கியது.