சிட்சை, பாடம், டியூஷன்: சிறுவர் இசைக் கல்வியின் சொல் வரலாறு

குழந்தை ஒன்றுக்குத் தனியாக ஓர் ஆசிரியரை அமர்த்தி இசை கற்பிக்கும் வழக்கத்திற்குத் தமிழ் பேசுவோரிடையே காலந்தோறும் வெவ்வேறு பெயர்கள் வழங்கி வந்துள்ளன. இன்று நகரங்களில் அது 'பாட்டு டியூஷன்' அல்லது 'பாட்டுக் கிளாஸ்' எனப்படுகிறது. சில தலைமுறைகளுக்கு முன் 'வீட்டுக்குப் பாட்டு வாத்தியார் வருகிறார்' என்பதே பெருவழக்கு. அதற்கும் முன் 'சிட்சை' என்றும் 'குருகுலவாசம்' என்றும் கூறினர். இச்சொற்களை ஒருபொருட் பன்மொழியாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஆசிரியரிடமிருந்து பெற்றோர் எதை எதிர்பார்த்தனர், எதைப் பார்த்து அவரைத் தேர்ந்தனர் என்பது ஒவ்வொரு சொல்லிலும் வேறாக உள்ளது. இம்மாற்றத்தில் கருநாடக இசைக் கல்வி பெற்றது மிகுதி. அது இழந்துவரும் ஒன்று மொழியியலார் கவனத்திற்கு உரியது.

இசையாசிரியரைத் தேர்தல் பற்றிய தமிழின் மிகப் பழைய விரிவான செய்தி சிலப்பதிகார அரங்கேற்று காதையில் உள்ளது. மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறினாள் எனக் கூறும் அக்காதை, ஆடல், இசை, தண்ணுமை, குழல், யாழ் ஆகியவற்றின் ஆசிரியர்களுக்குத் தனித்தனியே தகுதி வகுக்கிறது. அவற்றுள் இசையாசிரியனுக்குரியவை நோக்கத்தக்கன. யாழும் குழலும் தாளமும் அறிந்திருத்தல் மட்டும் அவனுக்குப் போதாது. தேசிகச் சொற்களின் ஓசையைப் பிழையறத் தெரிந்திருத்தலும், பாடலியற்றிய கவியின் குறிப்பை உணர்ந்திருத்தலும் வேண்டும். பாட்டுக் கற்பிப்போன் மொழியும் அறிந்தவனாதல் வேண்டும் என்னும் இந்நிபந்தனை இன்று பெற்றோர் கேட்கும் வினாக்களுள் அரிதாகவே இடம்பெறுகிறது.

நன்னூலின் பாயிரம் இசைக்கென எழுதப்பட்டதன்று. எனினும் ஆசிரியராகத் தகாதவர்க்கு அது கூறும் உவமைகளுள் ஒன்றாகிய கழற்குடம் இங்குப் பொருந்தும். குடத்தில் பெய்த கழற்காய்கள் பெய்த முறையில் வெளிவாரா. முறைபிறழக் கற்பிப்பவனும் அத்தகையன் என்கிறது நூல். இசையின் தொடக்கப் பாடங்கள் 'வரிசை' என்னும் பெயர் கொண்டமையை நினைந்தால், முறைக்கு அக்கல்வி தந்த இடம் புலப்படும்.

'சிட்சை' என்னும் சொல்லின் வரலாறு சுவையானது. வடமொழியில் சிக்ஷா என்பது கற்பித்தலைக் குறிப்பதோடு, வேதாங்கம் ஆறனுள் ஒன்றாகிய ஒலியியலுக்கும் பெயர். தைத்திரீய உபநிடதத்தின் சீக்ஷாவல்லி அக்கல்வியின் உறுப்புகளாக வர்ணம், ஸ்வரம், மாத்திரை, பலம், சாமம், சந்தானம் என்னும் ஆறனை எண்ணுகிறது. நாரதீய சிக்ஷை சாமவேத ஸ்வரங்களைக் குழலின் ஸ்வரங்களோடு பொருத்திக் காட்டுகிறது. ஒலியியலும் இசையியலும் ஒரே துறையாக நின்ற நிலை இது. பிற்காலத்தில் கன்னடம், தெலுங்கு, மராத்தி ஆகியவற்றில் இச்சொல்லுக்குத் தண்டனை என்னும் பொருளே மேலோங்கிற்று. தமிழிலும் விவிலிய மொழிபெயர்ப்பின் வழியாகச் 'சிட்சை', 'சிட்சித்தல்' என்பன தண்டித்துத் திருத்துதலையே பெரிதும் சுட்டுகின்றன. ஆயினும் 'சங்கீத சிட்சை' என்னும் தொடரில் மட்டும் பழம்பொருள் எஞ்சி நின்றது. குருகுலத்துச் சிறுவர்கள் இரு பொருளையும் ஒருங்கே அனுபவித்திருத்தல் கூடும்.

'பாடம்' என்பதற்கு ஓதுதல், நூற்பகுதி, கற்பிக்கும் அலகு என்னும் பொருள்கள் உண்டு. சுவடிப் பதிப்பில் 'பாடபேதம்' என்பது களையவேண்டிய சிக்கல். மூலத்தைத் தேடும் பதிப்பாசிரியர் பேதங்களை அடிக்குறிப்பிற்கு அனுப்பிவிடுவார். இதே பிறப்புடைய 'பாடாந்தரம்' இசையுலகில் நேர்மாறான மதிப்புப் பெற்றுள்ளது. ஒரு கீர்த்தனம் குறிப்பிட்ட குருபரம்பரையில் பாடப்பட்டு வந்த வடிவமே பாடாந்தரம்; 'நல்ல பாடாந்தரம் உடையவர்' என்பது உயர்ந்த பாராட்டு. காஞ்சிபுரம் நைனாப் பிள்ளையிடம் பயின்றவரும் வீணை தனம்மாளின் பேத்தியுமான டி. பிருந்தா (1912–1996) இத்தகைய பாராட்டிற்கு உரியவராய் விளங்கினார். அவரிடம் பிற பாடகர்கள் நாடிவந்தது புதிய பாட்டுகளுக்காக மட்டுமன்று, அவ்வடிவங்களுக்காகவுமே. இலக்கியத்தில் வேறுபாடு எனப்படுவது இசையில் சான்றாகிறது. மொழிபெயர்ப்பாளர்கள் இச்சொல்லை வெறும் 'வடிவம்' என்றோ 'மாற்றுப் பாடம்' என்றோ பெயர்க்கும்போது இம்மதிப்பு விடுபட்டுப் போகிறது.

மாணவன் பாடத்தைப் 'படிப்பதில்லை', 'கேட்கிறான்'. 'பாடம் கேட்டல்' என்னும் இவ்வழக்கு இலக்கியக் கல்விக்கும் இசைக் கல்விக்கும் பொது. இரண்டும் ஒரே மாணவன்மீது உரிமை கொண்டாடிய நிகழ்ச்சி ஒன்று உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தில் பதிவாகியுள்ளது. 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கச் சென்ற காலத்தில் அவர் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசையும் பயின்றார். சங்கீதத்தில் ஈடுபாடு மிகுந்தால் இலக்கண இலக்கியங்களில் கருத்துச் செல்லாது என்பது பிள்ளையின் எண்ணம். அதை அறிந்ததும் இசைப் பயிற்சி நின்றது. தமிழுக்கு அதனால் விளைந்த நன்மை யாவரும் அறிந்ததே. எனினும், இசையாசிரியனுக்கு மொழியறிவை விதித்த மரபு, பத்தொன்பதாம் நூற்றாண்டளவில் இருவேறு ஆசிரியர்களாகப் பிரிந்து நின்றதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

குருகுலவாசத்தை இன்று புகழ்ந்தெழுதுவோர் மிகப் பலர். அதில் கால அட்டவணை இல்லை. கட்டணமும் பெரும்பாலும் இல்லை. வீட்டு வேலையே கட்டணம். குரு பாடும் வேளையில் கேட்டுக்கொள்வதே பாடம். செவியின் கூர்மையை வளர்ப்பதில் இதற்கு இணையில்லை எனலாம். ஆனால் அதன் வாயில் சாதியாலும் பாலாலும் குறுகியது. இசை வேளாளர் குடும்பங்களில் பெண்கள் தம் வீட்டிலேயே தாயிடமும் பாட்டியிடமும் கற்றனர். ஏனைய குடும்பத்துப் பெண் குழந்தைகளுக்குக் குருகுலவாசம் எண்ணிப்பார்க்கவும் இயலாதது. அவர்களுக்கு இசையைத் திறந்துவிட்டது மாதச் சம்பளம் பெற்று வீட்டுக்கு வந்த வாத்தியாரே. இவ்வரலாற்றில் அவருக்கு உரிய இடம் இன்னும் அளிக்கப்படவில்லை.

'வாத்தியார்' என்பது 'உபாத்தியாயர்' என்பதன் திரிபு. வேதத்தின் ஒரு பகுதியைப் பிழைப்புக்காகக் கற்பிப்பவன் உபாத்தியாயன், முழுவதும் கற்பிப்பவன் ஆசாரியன் என்பது மனுநூலின் பாகுபாடு. குருவாக அன்றி வாத்தியாராக அழைக்கப்பட்ட வீட்டுப் பாட்டாசிரியரின் நிலையை இத்தொல்பொருள் வியப்புறத்தக்க வகையில் ஒத்திருக்கிறது. 1855இல் தஞ்சை மராட்டிய அரசர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தபின் அரசவை ஆதரவு குன்றியது. ஜமீன்களும் நலிந்தபோது இசைவாணர் பலர் சென்னையை நாடினர். அங்கே கச்சேரி வருவாய் நிலையற்றது. மாதந்தோறும் வந்தது பாடச் சம்பளம். பெண் பார்க்கும் வேளையில் பாடுவதற்கு நான்கைந்து கீர்த்தனங்கள் வேண்டும் என்பது அன்றைய பெற்றோர் பலரின் எதிர்பார்ப்பாக இருந்தது. நோக்கம் சிறிதாயினும் அதன் வழியே ஒரு தலைமுறைப் பெண்கள் இசையறிவு பெற்றனர்.

இவ்வாசிரியருக்குத் துணையாக வந்தது அச்சு நூல். சின்னசாமி முதலியாரின் மேனாட்டு ஸ்வரக்குறிப்பு நூல் 1893இல் வெளிவந்தது. அவர் தூண்டுதலின் பயனாக எட்டயபுரத்துச் சுப்பராம தீட்சிதர் 1904இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யையும், அடுத்த ஆண்டு தொடக்க நிலையினர்க்கான 'பிரதமாப்பியாச புஸ்தகமு'வையும் வெளியிட்டார். தமிழ்நாட்டில் அச்சிடப்பட்ட இந்நூல்கள் தெலுங்கு எழுத்தில் அமைந்தவை. அதே 1904இல் எட்டயபுரத்திற்கு வந்து தீட்சிதரைக் கண்டவர் விஷ்ணு நாராயண் பாத்கண்டே. வட இந்தியாவில் உஸ்தாதிடம் கயிறு கட்டிக்கொண்டு சீடனாகும் சடங்கும், 'தாலீம்' என்னும் அரபுச் சொல்லால் குறிக்கப்பட்ட நெடும்பயிற்சியும் வழங்கிய இடத்தில், லாகூரில் 1901இல் விஷ்ணு திகம்பர் பலுஸ்கர் நிறுவிய காந்தர்வ மகாவித்தியாலயமும், லக்னோவில் 1926இல் பாத்கண்டேயின் முயற்சியால் தோன்றிய கல்லூரியும் பாடத்திட்டத்தையும் தேர்வையும் கொணர்ந்தன. தெற்கே 1929இல் சிதம்பரத்திலும், 1931இல் சென்னை மியூசிக் அகாதெமியிலும், 1949இல் மத்திய கருநாடக இசைக் கல்லூரியிலும் இம்மாற்றம் நிகழ்ந்தது. அரசுத் தேர்வுகள் தமிழ்நாட்டில் 'லோயர்', 'ஹையர்' என்றும் கருநாடகத்தில் 'ஜூனியர்', 'சீனியர்', 'வித்வத்' என்றும் பெயர் பெற்றன.

இதன்பின் பெற்றோர் கேட்கும் வினா மாறிவிட்டது. 'யாரிடம் பாடம் கேட்டவர்?' என்று ஆசிரியரைப் பற்றிக் கேட்ட நிலை போய், 'எத்தனை கீர்த்தனை ஆயிற்று? எந்தப் பரீட்சை எழுதலாம்?' என்று குழந்தையைப் பற்றிக் கேட்கும் நிலை வந்தது. 'டியூஷன்' என்னும் ஆங்கிலச் சொல் லத்தீன் மூலத்தில் காத்தல், பேணல் என்னும் பொருளது. அப்பொருளில் நோக்கினால் அது குருகுலத்திற்கே பொருந்தியிருக்கும். தமிழிலோ மணிக்கணக்கையும் மாதக் கட்டணத்தையும் குறிப்பதாய் நின்றுவிட்டது. எண்ணிக்கையால் அளக்கப்படும் ஆசிரியர் புதிய பாட்டை விரைந்து தொடங்குவாரேயன்றிப் பழையதைத் திருத்திக்கொண்டிரார். அதற்கு அவரைக் குறைகூறுவது நியாயமன்று.

இதனால் முதலில் நேரும் இழப்பு இசையில் அன்று, மொழியில். தமிழ்க் குழந்தையின் தொடக்கப் பாடங்களே பன்மொழிக் கலவை. 'சரளி' என்பது ஸ்வராவளியின் மரூஉ. 'ஜண்டை' இரட்டையையும் 'தாட்டு' தாண்டுதலையும் குறிக்கும் தெலுங்கு, கன்னடச் சொற்கள். அவற்றோடு வந்து சேரும் 'வரிசை' தமிழ். மலஹரி கீதத்தில் 'லகுமி' என்னும் கன்னட வடிவம் வருகிறது. அதை லக்ஷ்மி எனத் திருத்தவேண்டியதில்லை என்பதை ஆசிரியர் அறிந்திருத்தல் வேண்டும். கமாஸ் ஸ்வரஜதியாகிய 'சாம்பசிவாயனவே' இன்னும் தெளிவான சான்று. தெலுங்கில் இது 'சாம்பசிவா' என்னும் பெயரும், சொல்வாயாக எனப் பொருள்படும் 'அனவே' என்னும் ஏவலும் சேர்ந்தது. இடையில் உள்ள யகரம் உடம்படுமெய். 'சிவாய நம' கேட்டுப் பழகிய தமிழ்ச்செவியோ இதைச் 'சிவாய' என்று பிரித்துக்கொள்கிறது. மூச்சை எங்கு எடுப்பது என்பது இப்பிரிப்பைப் பொறுத்தது. ஆகவே இது பொருள் பிழை மட்டுமன்று, பாடும் முறையின் பிழையுமாகும்.

எழுத்தும் இச்சிக்கலைப் பெருக்குகிறது. தெலுங்கில் 'கனி' எனப் பொருள்படும் சொல்லும் 'வலிமை' எனப் பொருள்படும் சொல்லும் முதல் மெய்யால் வேறுபடுவன. தமிழ் எழுத்தில் இரண்டும் 'பலமு'. இதனை உணர்ந்த பதிப்பாளர் சிலர் வல்லின எழுத்துகளுக்கு மேல் 2, 3, 4 என எண்ணிட்டு அச்சிட்டனர். மொழியியல் நோக்கில் இது எளிய, திறமையான ஒலிபெயர்ப்பு முறை. ஆனால் குழந்தையின் நோட்டுப் புத்தகத்திற்குப் பாட்டை இறக்கும் அவசரத்தில் இவ்வெண்களே முதலில் உதிர்கின்றன.

சிக்கலை வேறு வழியில் எதிர்கொண்டவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். பயில்வோர் பொருளுணர்ந்து பாடும்பொருட்டுத் தொடக்க நிலை உருப்படிகளுக்குத் தமிழ்ச் சாகித்தியம் அமைத்து 1907இல் நூலாக்கினார். தமிழிசை இயக்கம் 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முனைப்புற்று, 1943இல் தமிழ் இசைச் சங்கமாக வடிவெடுத்தது. அவ்வியக்கம் பற்றிய விவாதங்கள் பெரிதும் கச்சேரி மேடையையே சுற்றி நின்றன. மேடையில் பாடுவோர் எத்தனை பேர், வீட்டுக் கூடத்தில் பாடுவோர் எத்தனை பேர் என்று எண்ணிப்பார்த்தால், பண்டிதரின் நோக்கே செயலுக்கு அண்மையது எனத் தோன்றுகிறது.

ஒலிநாடாவும் அதன்பின் கைப்பேசியும் பாடம் கேட்டலைப் பாடம் பதிதலாக மாற்றியுள்ளன. இணையத்தின் வழி வெளிநாட்டுக் குழந்தைகளும் சென்னை ஆசிரியரிடம் கற்கின்றனர். பதிவு பாடாந்தரத்தைக் காக்கும். சொல் பிரியும் இடத்தைக் காட்டித் தராது. ஆசிரியரைத் தேர முயலும் பெற்றோர் அவர் கற்பிக்கும் ஒரு பாடத்தின்போது உடனிருந்து கேட்டால் போதும். குழந்தை ஒரு தெலுங்குச் சொல்லைத் தவறாகப் பிரிக்கும்போது அவர் நிறுத்துகிறாரா, நிறுத்தியபின் தாம் சொல்லிக் காட்டுகிறாரா, அன்றி 'மேலே பாடு' என்கிறாரா என்பது அரைமணியில் தெரிந்துவிடும். முதலிருவற்றையும் செய்பவரிடம் ஒரே வர்ணத்தில் ஆறு மாதம் கழிந்தாலும் அக்கட்டணம் வீணன்று. 'வர்ணம்' என்பதற்கு எழுத்தொலி என்றும் ஒரு பொருள் உண்டு.