புயலின் பாதையும் கடலின் எழுச்சியும்: தனுஷ்கோடி நமக்குச் சொல்வது என்ன?



போடிநாயக்கனூரில் வாழும் நமக்குக் கடல் என்பது பயணம் சென்று பார்க்கும் ஒன்று. மேற்கே திரும்பினால் போடிமெட்டும் ஏலமலைச் சரிவுகளுமே நம் கண்ணில் படுகின்றன. ஆயினும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் மலைச்சரிவில் இறங்கும் மழை வங்கக் கடல் அனுப்பிவைப்பதே. 1977 நவம்பர் 12 அன்று நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கரையேறிய புயலும், 2018 நவம்பர் 16 அன்று நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயலும் தமிழகத்தின் உட்பகுதியைக் கடந்து, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி அரபிக்கடலை அடைந்தன. ஆகவே புயலின் பாதையைப் பற்றி அறிவது கடற்கரைவாசிகளுக்கு மட்டும் உரிய காரியமன்று.

இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஓர் ஊரைக் கடல் கொண்டது என்ற செய்தி வரும்போதெல்லாம், "அவ்வூரார் செய்த பாவம்" என்று சொல்லிவிட்டு நகர்வோர் நம்மிடையே இருக்கின்றனர். அது சரியான சொல்தானா என்பதை வரலாற்றின் துணையோடு ஆராய்வோம்.

புயல் கரையைக் கடக்கும்போது உயிர்களைப் பெரிதும் பறிப்பது காற்றன்று. காற்று தள்ளிக்கொண்டு வரும் கடல்நீரே. புயலின் மையத்தில் காற்றழுத்தம் குறைவதால் கடல்மட்டம் சற்று உயர்கிறது. ஒரு மில்லிபார் குறைந்தால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். இது சிறிய அளவே. பெரும்பங்கு காற்றினுடையது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே புயற்காற்று கடிகாரமுள் சுழலும் திசைக்கு எதிராகச் சுழல்கிறது. கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி வரும் புயலின் வலப்பக்கத்தில், அதாவது மையத்துக்கு வடக்கே, காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வீசும். நீரைக் குவித்து ஊருக்குள் தள்ளும். இடப்பக்கத்திலோ காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். அங்கே கடல் உள்வாங்குவதும் உண்டு. ஒரே புயல், ஒரே இரவு. சில காத தூர இடைவெளியில் ஓர் ஊர் மூழ்குகிறது, மற்றோர் ஊரில் கடல் பின்வாங்குகிறது.

கடலின் ஆழமும் இதில் சேர்கிறது. ஆழமான கடலில், தள்ளப்பட்ட நீர் அடியில் திரும்பிச் சென்றுவிடும். ஆழம் குறைந்த விரிகுடாவில் அதற்கு வழியில்லை. மேலே எழுவதைத் தவிர வேறு போக்கில்லை. பிறை முதல் நாளையும் பதினைந்தையும் ஒட்டிய நாள்களில் ஓதம் இயல்பாகவே உயர்ந்திருக்கும். அந்த வேளையில் புயல் கரையேறினால் ஆபத்து இன்னும் பெருகும்.

இவ்விதி ஈவிரக்கமின்றி வெளிப்பட்ட இடம் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் மூன்றாம் வாரத்தில் அந்தமான் கடலின் தெற்கே உருவான தாழ்வழுத்தம் வலுப்பெற்று மேற்கு நோக்கி நகர்ந்தது. டிசம்பர் 22 அன்று இலங்கையின் வடபகுதியை வவுனியா வழியாகக் கடந்து, அன்றிரவே இராமேசுவரம் தீவை அடைந்தது. தனுஷ்கோடியோ வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா என இரு கடல்களுக்கு இடையே நீண்டு கிடக்கும் குறுகிய மணல்திட்டு. கிழக்கிலிருந்து நெருங்கும் புயலுக்கு முன்பாக வீசுவது வடகாற்று. அது ஆழமற்ற பாக் விரிகுடாவின் நீரைத் தெற்கே தள்ளும். மையம் கடந்த பின் காற்று திரும்பித் தெற்கிலிருந்து வீசும். அப்போது மறுபக்கத்துக் கடல் எழும். அம்மக்களுக்கு ஒதுங்க ஒரு மேட்டுநிலமும் இல்லை.

நள்ளிரவை ஒட்டித் தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்த பாம்பன் பயணிகள் ரயிலை அலைகள் கவிழ்த்தன. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்புயலில் இறந்தோர் சுமார் 1,800 பேர் எனக் கணக்கிடப்பட்டது. 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தின் பெரும்பகுதி அடித்துச் செல்லப்பட்டது. இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாள்களில் அது சீரமைக்கப்பட்டது. ஆனால் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறும் துறைமுகமாக விளங்கிய தனுஷ்கோடி நகரம் மீண்டும் எழவில்லை. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அதை அறிவித்தது.

அந்தக் கடல் நம் முன்னோர் அறியாத கடலன்று. 14-ஆம் நூற்றாண்டில் இலங்கையிலிருந்து மஅபர் எனப்பட்ட நம் கரைக்கு வந்த இப்னு பதூதா, வழியில் பலத்த காற்றில் சிக்கி, ஆழமற்ற நீரில் கப்பல் உடையும் நிலையில் உயிர் தப்பியதைத் தம் பயண நூலில் பதிவுசெய்துள்ளார். பருவக்காற்றைக் குறிக்க உலகம் வழங்கும் 'மான்சூன்' என்ற சொல், பருவம் எனப் பொருள்படும் 'மவ்ஸிம்' என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்ததே. காற்றின் நேரத்தை அறிந்து பாய்விரித்த சமுதாயம் நம்முடையது.

கரையேறும் இடத்தையே ஆபத்தின் இடமாகக் கருதுவது எத்தகைய பிழை என்பதை 1977 நவம்பர் 19 அன்று ஆந்திரம் கண்டது. புயலின் மையம் கடந்தது சீராலா அருகே. ஏறத்தாழ 5 மீட்டர் உயர்ந்த கடல் ஊர்களை விழுங்கியதோ, அங்கிருந்து கிழக்கே, பாதையின் வலப்பக்கத்தில் இருந்த திவிசீமையில். இறந்தோர் சுமார் 10,000 பேர். நாகையைத் தாக்கிய புயலுக்கும் இதற்கும் இடைவெளி ஒரே வாரம்.

இப்போது தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். சீராலாவைவிடத் திவிசீமையின் மக்கள் பெரும்பாவிகளா? புயலின் பாதை சற்று விலகியிருந்தால் தப்பியிருக்கக்கூடிய ஊரைப் பழித்துரைக்க நமக்கு என்ன உரிமை? நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மகனார் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நேர்ந்தது. அம்மரணத்துக்காகவே சூரியன் மறைந்தது என மக்கள் பேசினர். எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் ஏற்படுவதில்லை, அது அல்லாஹ்வின் அத்தாட்சிகளுள் ஒன்று என நபியவர்கள் திருத்தினார்கள். பிறர் மீது தீர்ப்பெழுத இயற்கையைக் கருவியாக்கும் வழக்கத்தை அன்றே அவர்கள் மூடிவிட்டார்கள். நீரில் மூழ்கி இறந்த முஸ்லிமை ஷஹீதுகளின் வரிசையில் அவர்கள் எண்ணியதையும் நாம் மறக்கலாகாது. பலத்த காற்று வீசும்போது நபியவர்களின் முகத்தில் கவலை தோன்றும் என அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். அக்கவலை அவர்களைத் துஆவின் பக்கம் திருப்பியது. பழிச்சொல்லின் பக்கம் அன்று.

அவ்வாறே, "எல்லாம் விதிப்படி" என்று கூறி வீட்டிலேயே அமர்ந்திருப்பதும் தவக்குல் ஆகாது. ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியதை அறிந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள், ஸர்ஃக் என்னுமிடத்திலிருந்து படையோடு திரும்பினார்கள். இறைவிதியிலிருந்து ஓடுகிறீர்களா என வினவப்பட்டபோது, திரும்பிச் செல்வதும் இறைவிதியே என்ற கருத்தில் பதிலளித்தார்கள். எச்சரிக்கையைக் கேட்டு மேட்டுநிலம் நாடுவதும் அத்தகையதே.

ஆகவே சகோதர சகோதரிகளே, இனி வானிலை அறிக்கையில் மையம் கரையேறும் ஊரின் பெயரை மட்டும் கேட்டு அமைதியடையாதீர்கள். உங்கள் உறவினரின் ஊர் பாதையின் எந்தப் பக்கத்தில் உள்ளது, அங்கே கடல் எவ்வளவு உயரும் எனச் சொல்லப்பட்டுள்ளது என்பதையும் கேளுங்கள். நாகூரிலும் அதிராம்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இருப்போரிடம் பேசி, நேரத்தோடு இடம்பெயரச் சொல்லுங்கள். கரையில் ஓய்ந்த புயல் மழையாக நம் மலையை நாடி வரும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். மலைச்சரிவுகளில் தங்கியிருக்கும் ஏலத்தோட்டத் தொழிலாளர்களைத் தாழ்வாரத்துக்கு அழைப்பது அன்று நம் கடமையாகும்.

காற்றுகளைத் திருப்பிவிடுவோன் அல்லாஹ். அவை திரும்பும் முறையை அறியும் அறிவை நமக்கு அளித்தவனும் அவனே. கடலோரத்து மக்களையும் மலையோரத்து மக்களையும் அவன் காத்தருள்வானாக. ஆமீன்.