மிடுக்கான தளபதி... ஆனால், திரும்பிப் போக நாடில்லை! - ஓர் ஓவியத்தின் கதை

ராணுவ உடையில் விறைப்பாக நிற்கும் பழைய ஓவியத்தைப் பார்த்தால், 'யாரோ பெரிய ஆளு போல'னு ஸ்க்ரோல் பண்ணிடுவோம், இல்லையா? நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கும் பிரெஞ்சுத் தளபதி ஜெரார் ஓவியத்தை மட்டும் அப்படிக் கடந்துடாதீங்க.

கிட்டத்தட்ட 2 மீட்டர் உயர ஆயில் பெயின்ட்டிங். கருநீலக் கோட், தங்க நிற எம்ப்ராய்டரி, மார்பில் பதக்கங்கள், கையில் ஒரு கடிதம். பார்க்க ஜெயித்து வந்தவர் மாதிரியே இருப்பார். ஆனால், வரைந்த ஆண்டு 1816, இடம் பிரஸ்ஸல்ஸ். கதையே அங்கதான் இருக்கு!

நிற்பவர் யார்?

1815 ஜூன் 18, வாட்டர்லூ போர். பீரங்கிச் சத்தம் கேட்டதும், அந்தப் பக்கம் போய் நெப்போலியனுக்குக் கைகொடுக்கலாம் என மேலதிகாரி குரூஷியிடம் வற்புறுத்தினார் ஜெரார். குரூஷி ஒப்புக்கொள்ளவில்லை. நெப்போலியன் தோற்றார். அதே நாளில் வாவ்ரில் நடந்த சண்டையில் ஜெராருக்குக் குண்டடி. மீண்டும் மன்னராட்சி வந்ததும் பிரான்ஸை விட்டு வெளியேறினார்.

வரைந்தவர் யார்?

ஜாக் லூயி டாவீத். நெப்போலியனின் ஆஸ்தான ஓவியர். 1793-ல் மன்னர் 16-ம் லூயிக்கு மரண தண்டனை விதிக்க ஓட்டுப் போட்டவர்களில் ஒருவர். அதற்காகவே 1816-ல் நாடு கடத்தப்பட்டார். ஆக, நாட்டை இழந்த ஒருவரை, நாட்டை இழந்த இன்னொருவர் வரைந்த படம் இது!

ஜூம் பண்ணிப் பாருங்க

கையிலிருக்கும் கடிதத்தின் முகவரியில் ஜெராரின் பெயரோடு 'தலைமைத் தளபதி' என்ற பதவியும் இருக்கும். பதவி பறிபோன நேரத்தில் அதை எழுதி வைத்திருக்கிறார் டாவீத். மியூசியம் தரும் தலைப்பில் 'மார்ஷல்' என இருந்தால் குழம்பாதீங்க. அந்தப் பட்டம் 1830-ல்தான் கிடைத்தது.

பிறகு?

ஜெரார் 1817-ல் நாடு திரும்பினார். 1834-ல் சில மாதங்கள் பிரதமராகவும் இருந்தார். டாவீத் திரும்பவே இல்லை. 1825-ல் பிரஸ்ஸல்ஸில் இறந்தார். அவர் உடலைக்கூட பிரான்ஸ் அரசு உள்ளே விடவில்லை.

மியூசியத்தின் இணையதளத்தில் இந்தப் படத்தை இலவசமாகவே டவுன்லோடு செய்யலாம். இனி இப்படி ஓர் ஓவியத்தைப் பார்த்தால், பதக்கங்களை அப்புறம் எண்ணுங்க. முதல்ல எந்த வருஷம், எந்த ஊர்னு பாருங்க!